முதுகு நிமிர்ந்தால் போதுமா?

1986-ஆம் ஆண்டு. எலும்பு மருத்துவத்தில் நான் பயிற்சி பெற்றுவந்த காலம். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாய் இடுப்பில் சுமந்துகொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். குழந்தையின் வலத்தோள் உயர்ந்தும் இடத்தோள் தாழ்ந்தும் இருந்தன. சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, நேர்கோடாக இறங்க வேண்டிய முதுகெலும்பு பக்கவாட்டில் வில்போல் வளைந்திருந்தது. அறுவை செய்து வளைவை நிமிர்த்தி, அது மீண்டும் வளையாதபடி எலும்புகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட வேண்டும் என்று எங்கள் பெரிய மருத்துவர் முடிவு செய்தார். அவர் அகன்ற பின்னர் அந்தத் தாய் என்னிடம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, எலும்பையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் குழந்தை எப்படி வளரும்?"

"கொஞ்சம் குள்ளமாக இருப்பாள், அம்மா. ஆனால் நேராக இருப்பாள்" என்றேன் நான்.

அந்த விடை என் சொந்த விடை அன்று. நீண்ட கோணல் முதுகைவிடக் குட்டையான நேர் முதுகே மேலானது என்று எங்களுக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அத்தாயின் கேள்வி எத்துணைக் கூர்மையானது என்பதையும், என் விடை எத்துணைக் குறையுடையது என்பதையும் நான் உணரப் பதினொரு ஆண்டுகள் ஆயின. அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதுகெலும்பு என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, அது ஓர் எலும்பு அன்று. கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, அதற்குக் கீழே இடுப்புப் பகுதியில் 5 என 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் அடியில், பல எலும்புகள் கூடி ஒன்றாகிவிட்ட திரிகமும் வாலெலும்பும் உள்ளன. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. இந்த அடுக்கின் உள்ளே செல்லும் குழாயில்தான் தண்டுவடம் பாதுகாப்பாக அமைந்திருக்கிறது.

செங்கற்களை அடுக்கிக் கட்டிய தூணுக்கு இதனை ஒப்பிடலாம். ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இந்தத் தூணில் ஒவ்வொரு செங்கல்லும் தானே வளர்கிறது. குழந்தையின் முள்ளெலும்பு ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் மெல்லிய வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது. அது நாள்தோறும் சிறிது சிறிதாகப் புதிய எலும்பை உண்டாக்குவதால்தான் தூண் உயர்கிறது.

எவ்வளவு உயர்கிறது? பிரெஞ்சு நாட்டு மருத்துவரான அலேன் டிமெக்லியோ இதனை நெடுங்காலம் அளந்து ஆராய்ந்தவர். மார்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பிலிருந்து திரிகத்தின் தொடக்கம் வரை உள்ள நீளம், பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 20 செண்டிமீட்டர். முதல் ஐந்து ஆண்டுகளில் அது 10 செண்டிமீட்டர் வளர்கிறது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் 5 செண்டிமீட்டர்தான். பத்து வயதுக்கு மேல் வளர்ச்சி முற்றுப்பெறும் வரை மீண்டும் 10 செண்டிமீட்டர். ஆக, வளர்ந்த ஆடவனுக்கு ஏறக்குறைய 45 செண்டிமீட்டர். வளர்ச்சி ஒரே சீராக நிகழ்வதில்லை என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும். முதல் ஐந்து ஆண்டுகளில் ஆறுபோல் ஓடி, இடையில் வாய்க்காலாகச் சுருங்கி, பூப்புப் பருவத்தில் மறுபடியும் பெருக்கெடுக்கிறது. ஆகவே, நான்கு வயதில் முதுகெலும்பைப் பிணைப்பதும் பதினான்கு வயதில் பிணைப்பதும் ஒன்றாகா.

இனி வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே தன் அச்சில் முறுக்கிக்கொள்ளும் நிலைக்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். எக்ஸ்-கதிர்ப் படத்தில் வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் உள்ள முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடுகள் வரைந்து, அவற்றிடையே உள்ள கோணத்தை அளக்கிறார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் காப் என்னும் மருத்துவர் 1948-இல் விளக்கிய முறை இது. கோணம் 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்பர். பத்து வயது நிரம்புமுன் தோன்றும் வளைவை இளம்பருவ வளைவு எனத் தனியே பிரித்துக் கூறுவது வழக்கம். சில குழந்தைகளுக்கு முள்ளெலும்புகள் பிறவியிலேயே குறையாக அமைந்திருக்கும். சிலருக்கு நரம்பிலோ தசையிலோ வலுவின்மை இருக்கும். சிலருக்கு உடல் முழுவதையும் பற்றிய வேறொரு நோயின் பகுதியாக வளைவு வரும். இன்னும் சிலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. புத்தகப் பையைத் தூக்குவதாலோ கோணலாக உட்காருவதாலோ இந்நோய் வருவதில்லை. ஆதலின் பிள்ளையையோ பெற்றோரையோ இதற்காகக் குறை கூறுவது அறியாமை.

வளைவு ஏன் நாளுக்கு நாள் மிகுகிறது? வளர்ச்சிக் குருத்தெலும்பை மிகுதியாக அழுத்தினால் அதன் வளர்ச்சி மந்தமாகும். அழுத்தம் குறைந்தால் வளர்ச்சி விரையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹூட்டர், ஃபோல்க்மன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இருவர் கண்டு கூறிய விதி இது. வளைந்த முதுகில் உட்குழிந்த பக்கத்தின்மேல் பாரம் அழுத்துகிறது. அந்தப் பக்கம் குறைவாக வளர்கிறது. புறக்குவிந்த பக்கமோ தடையின்றி வளர்கிறது. செவ்வகமாக இருக்க வேண்டிய எலும்பு ஆப்புப்போல் ஆகிறது. ஆப்புகளை அடுக்கினால் தூண் மேலும் சாயும். சாயச் சாய அழுத்தம் கூடும். இவ்வாறு, குழந்தையை உயர்த்த வேண்டிய வளர்ச்சியே வளைவை வளர்க்கிறது.

இதனை நிறுத்த முன்னோர் கண்ட வழி எலும்புப் பிணைப்பு. நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ் என்பவர் 1911-இல் காசநோயால் பழுதுற்ற முதுகெலும்புக்கு இந்த அறுவையைச் செய்தார்; 1914-இல் ஸ்கோலியோசிஸுக்கும் செய்தார். முள்ளெலும்புகளின் பின்புறத்தைச் செதுக்கி, எலும்புச் சில்லுகளைப் பாலம்போல் பரப்பிவிட்டால், சில மாதங்களில் அவையெல்லாம் கூடி ஒரே எலும்பாகிவிடும். பின்னர், ஹூஸ்டன் நகரில் இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த பிள்ளைகளைக் கண்டு வருந்திய பால் ஹாரிங்டன், கொக்கிகள் பொருத்திய உலோகக் கம்பியால் முதுகை நிமிர்த்தும் முறையை உருவாக்கி, 1962-இல் வெளியிட்டார். வளர்ச்சி முடியும் தறுவாயில் உள்ள இளைஞருக்கு, நிமிர்த்திப் பிணைக்கும் அறுவை இன்றும் நல்ல மருத்துவமே.

சிறு குழந்தைக்கு அதையே செய்தால் என்ன ஆகும்? ராபர்ட் வின்ட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் எளிய கணக்கு ஒன்று தந்திருக்கிறார். பிணைக்கப்பட்ட முள்ளெலும்புகளின் எண்ணிக்கையை, இன்னும் வளர வேண்டிய ஆண்டுகளால் பெருக்கி, அதனை 0.07-ஆல் பெருக்கினால், இழக்கப்போகும் உயரம் செண்டிமீட்டரில் கிடைக்கும். நான்கு வயதுச் சிறுமிக்குப் பத்து எலும்புகளைப் பிணைத்தால், அவள் பதினான்கு வயது வரை வளர்வாள் என வைத்து, 7 செண்டிமீட்டர் இழப்பு. நான் அந்தத் தாய்க்குச் சொன்ன "கொஞ்சம் குள்ளம்" இதுதான். கணக்கில் பிழை இல்லை. நான் எதை அளக்க வேண்டுமோ அதை அளக்கவில்லை என்பதே பிழை.

1997-இல் அந்தச் சிறுமி மீண்டும் வந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. முதுகு ஏறத்தாழ நேராகவே இருந்தது. படத்தைப் பார்த்து நான் மனத்துக்குள் மகிழ்ந்தேன். "இப்போது என்ன தொல்லை, அம்மா?" என்று கேட்டேன். "மாடிப்படி ஏற முடியவில்லை, டாக்டர். பாதியிலேயே மூச்சு வாங்குகிறது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் இரண்டு முறை மூச்சு எடுத்துக்கொண்டாள். அவளுடைய கைகளும் கால்களும் பதினைந்து வயதுக்கு உரியனவாக வளர்ந்திருந்தன. மார்பு மட்டும் குழந்தையின் மார்பாகவே நின்றுவிட்டது.

மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகளிலிருந்தே 12 இணை விலா எலும்புகள் புறப்படுகின்றன. முதுகெலும்பு தூண் என்றால், விலா எலும்புகள் அதைப் பற்றி நிற்கும் கூரைச் சட்டங்கள். நுரையீரல் அந்த வீட்டில் குடியிருப்பது. தூண் உயராவிட்டால் வீட்டில் இடம் ஏது? மார்புக் கூட்டின் கொள்ளளவு, பிறந்தபோது வளர்ந்தவருடையதில் 6 விழுக்காடுதான். ஐந்து வயதில் 30 விழுக்காடு. பத்து வயதிலும் பாதிதான். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளும் வாழ்வின் முதல் சில ஆண்டுகளிலேதான் மிக விரைவாகப் பெருகுகின்றன. அவை பெருகும் காலத்தில் கதவை அடைத்துவிட்டோம். இந்த நிலைக்கு, அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரில் பணிபுரிந்த ராபர்ட் கேம்பெல் என்னும் மருத்துவர் 2003-இல் தெளிவான இலக்கணம் வகுத்தார். இயல்பாக மூச்சுவிடவோ, நுரையீரல் வளரவோ இடங்கொடாத மார்பு என்பது அதன் சாரம்.

2008-இல் லோரி கேரல் என்னும் பெண் மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தோரும், இளமையிலே மார்புப் பகுதி பிணைக்கப்பட்டவர்களின் மூச்சுத் திறனை அளந்து வெளியிட்டனர். மார்புப் பகுதியின் முதுகெலும்பு 18 செண்டிமீட்டருக்குக் குறைவாக நின்றுவிட்டவர்களுக்கு மூச்சுத் திறன் கடுமையாகக் குறைந்திருந்தது. 22 செண்டிமீட்டரையாவது எட்டியவர்கள் பெரும்பாலும் நன்றாக இருந்தனர். இயல்பான குழந்தை ஐந்து வயதில் 18 செண்டிமீட்டரையும் பத்து வயதில் 22 செண்டிமீட்டரையும் அடைகிறது. என் நோயாளியின் எலும்புகளைப் பிணைத்தது நான்கு வயதில். இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்கு அவளுடைய முகமே நினைவுக்கு வந்தது.

சிறு குழந்தையின் முதுகைப் பிணைப்பதில் மற்றொரு குறையும் உண்டு. பின்புறம் மட்டும் பிணைக்கப்பட்டிருக்க, முன்புறம் தொடர்ந்து வளர்ந்தால், போக இடமில்லாமல் முதுகெலும்பு முறுக்கிக்கொண்டு திரும்பும். பாரிஸ் நகரத்து ஜான் துபூசே 1989-இல் இதனை விளக்கினார். எனவே, நேராக்கவே செய்த அறுவை, சில வேளைகளில் நேராகவும் வைத்திருக்கவில்லை.

அப்படியானால், எலும்புகளைப் பிணைக்காமல் வளைவை மட்டும் தாங்கிப் பிடிக்க இயலாதா? இயலும் என்ற எண்ணம் ஹாரிங்டன் காலத்திலேயே முளைத்தது. மினியாபொலிஸ் நகரத்து ஜான் மோ என்பவர் அதனை முறைப்படுத்தி 1984-இல் வெளியிட்டார். பின்னர் சான் டியேகோ நகரத்து பெஹ்ரூஸ் அக்பர்னியாவும் பிறரும் இரட்டைக் கம்பி முறையைச் செம்மை செய்தனர். வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மட்டும் பிடிமானம் அமைத்து, இடையே நீளக்கூடிய இரண்டு கம்பிகளைப் பொருத்துகிறார்கள். நடுவில் உள்ள முள்ளெலும்புகள் பிணைக்கப்படாமல் வளரும். ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சிறிய அறுவை செய்து கம்பியை நீட்டுவார்கள். குழந்தை போதிய அளவு வளர்ந்த பின்னரே இறுதிப் பிணைப்பு.

2005-இல் அக்பர்னியா குழுவினர் 23 குழந்தைகளின் அளவுகளை வெளியிட்டார்கள். நான் முன்பு சொன்ன முதுகு நீளம் அக்குழந்தைகளுக்கு அறுவைக்கு முன் சராசரியாக 23 செண்டிமீட்டர்; முதல் அறுவை முடிந்ததும் 28; இறுதி அளவையின்போது ஏறக்குறைய 32.6. இந்த எண்களை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 23 ஒரே நாளில் 28 ஆனது வளர்ச்சி அன்று. வளைந்து கிடந்த கயிற்றை இழுத்து நிமிர்த்தினால் இரு முனைகளுக்கும் இடையே தொலைவு கூடுகிறது; கயிறு வளர்வதில்லை. வளைவு 82 பாகையிலிருந்து 38 ஆகக் குறைந்ததால் வந்த ஆதாயம் அது. அதன்பின் 28 செண்டிமீட்டர் 32.6 ஆனதே நாம் தேடும் பொருள். ஆண்டுக்கு ஏறத்தாழ 1.2 செண்டிமீட்டர் வீதம் முதுகு நீண்டிருக்கிறது. ஐந்திலிருந்து பத்து வயது வரை இயல்பான குழந்தை ஆண்டுக்கு 1 செண்டிமீட்டர்தான் வளர்கிறது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறுவைக்குப் பின்னும் குழந்தையின் முதுகு வளரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆயினும் இந்த வளர்ச்சி விலையின்றிக் கிடைப்பதன்று. 2010-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், கம்பி பொருத்தப்பெற்ற 140 குழந்தைகளுள் 58 விழுக்காட்டினர் ஒரு சிக்கலையேனும் சந்தித்திருந்தனர். கம்பி முறிந்தது, பிடிமானம் கழன்றது, புண்ணில் சீழ் பிடித்தது. அறுவைகளின் எண்ணிக்கை கூடக்கூட, சிக்கல் நேரும் வாய்ப்பும் கூடிற்று. 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒவ்வொரு முறை நீட்டும்போதும் கிடைக்கும் ஆதாயம் முன்னைவிடக் குறைந்துகொண்டே போவதைக் காட்டியது. நெடுநாள் கம்பியால் தாங்கப்பெற்ற முதுகு விறைத்துப்போகிறது; சில இடங்களில் எலும்புகள் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன.

அடிக்கடி கத்தி வைப்பதைத் தவிர்க்க, காந்தத்தால் நீளும் கம்பியை அமைத்தார்கள். ஹாங்காங் மருத்துவர்கள் அதன் முதற்பயன்களை 2012-இல் வெளியிட்டனர். உடலுக்கு வெளியே ஒரு கருவியை வைத்தால், உள்ளே உள்ள கம்பி சிறிது நீளும். கத்தியும் வேண்டாம், மயக்கமருந்தும் வேண்டாம். பிள்ளைகளுக்கு இது பெரும் விடுதலையாகத் தோன்றிற்று. சில ஆண்டுகள் கழித்து, அக்கம்பிகளின் உள்ளுறுப்புகள் தேய்ந்து, உலோகத் துகள் சுற்றியுள்ள திசுக்களில் படிவதைக் கண்டார்கள். கேம்பெல், விலா எலும்புகளையே விரித்துத் தாங்கும் உலோகச் சட்டம் ஒன்றை ஆக்கினார். அதனால் உயிர் பிழைத்த குழந்தைகள் உண்டு. அதிலும், காலப்போக்கில் மார்புச் சுவர் விறைப்பது ஒரு குறை. மார்பின் உயரம் கூடுவது மட்டும் போதாது. மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்கும் தன்மையும் அதற்கு வேண்டும்.

இவ்வளவும் அறிந்த பின், இயன்றவரை அறுவையைத் தள்ளிப்போடுவதே மருத்துவரின் முதற்கருத்தாயிற்று. அதற்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தில் பணியாற்றிய மின் மேத்தா என்னும் பெண் மருத்துவர். வளர்ச்சி வளைவைப் பெருக்கும் என்றால், அதே வளர்ச்சியை வளைவு நீங்கவும் பயன்படுத்தலாமே என்று அவர் எண்ணினார். மயக்கமருந்து கொடுத்து, குழந்தையின் உடலை மெல்லத் திருப்பி நேராக்கி, அந்நிலையிலேயே மாவுக்கட்டுச் சட்டை போட்டார். குழந்தை வளர வளரக் கட்டையும் மாற்றினார். 2005-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 136 குழந்தைகள் இருந்தனர். சராசரியாக 19 மாத வயதில் அவரிடம் வந்த 94 குழந்தைகளின் முதுகு அறுவையின்றியே நேராயிற்று. சராசரியாக 30 மாத வயதில், வளைவு முற்றிய பின் வந்த 42 குழந்தைகளுக்கு வளைவு குறைந்ததே அன்றி நீங்கவில்லை. இரு சாராருக்கும் இடையே பதினொரு மாதங்கள்தாம்! ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் சொல்லி வருகிறோம். முதுகு வளைந்த குழந்தைக்கு ஐந்து வயதுகூடத் தாமதமாகிவிடலாம்.

எலும்பு மருத்துவத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரை 1741-இல் ஆக்கியவர் நிக்கோலா ஆந்திரி என்னும் பிரெஞ்சுக்காரர். நேர் என்றும் குழந்தை என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டி அவர் அப்பெயரை அமைத்தார். அவருடைய நூலில், கோணிய இளமரத்தைக் கொம்பு நட்டுக் கயிற்றால் கட்டியிருக்கும் படம் ஒன்று உண்டு. இன்றும் எங்கள் துறையின் சின்னம் அதுவே. தோட்டக்காரனைக் கேட்டால் அவன் இன்னொன்றும் சொல்வான். கட்டிய கயிற்றை அவ்வப்போது தளர்த்திக் கட்ட வேண்டும். மறந்தால், மரம் பருக்கும்போது கயிறு அதன் பட்டையை அறுத்துவிடும். நாங்கள் கொம்பை நட்டோம், கட்டவும் செய்தோம், மரம் வளரும் என்பதை நெடுநாள் மறந்துபோனோம்.

மாணவ மாணவியரே! உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், குளித்துவிட்டு வரும்போது முதுகைப் பாருங்கள். ஒரு தோள் உயர்ந்திருக்கிறதா, ஒரு பக்கத்துத் தோள்பட்டை எலும்பு துருத்தியிருக்கிறதா என்று கவனியுங்கள். முழங்காலை மடக்காமல் முன்னோக்கிக் குனியச் சொன்னால், முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா என்று நோக்குங்கள். ஐயம் தோன்றினால் பெற்றோரிடம் சொல்லுங்கள். சில மாதங்கள் முந்திக்கொண்டால், அறுவையே வேண்டாமற்போகலாம்.

என் நோயாளி இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். ஆண்டுதோறும் தரைத்தளத்து வகுப்பையே தமக்குக் கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இரவில் உறங்கும்போது மூச்சுக்குத் துணைசெய்யும் கருவி அவருக்கு வேண்டியிருக்கிறது. அவருடைய தாயைப் போன்ற ஒருவர் இன்று வந்து, குழந்தை எப்படி வளரும் என்று என்னைக் கேட்டால், குள்ளம், நேர் என்ற பேச்சை நான் எடுக்க மாட்டேன். "வளர்வதற்கு இடம் விட்டுத்தான் எதையும் செய்வோம், அம்மா. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும், பலமுறை நீங்கள் வர வேண்டியிருக்கும்" என்றுதான் சொல்வேன்.